அடையாற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. அந்த இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சென்னையை மூழ்கடித்தது ஏரித் தண்ணீரா, மழைத் தண்ணீரா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. அதே மழையைக் கணினியில் மறுபடி பெய்ய வைத்து, மதகைத் திறந்தும் மூடியும் ஓட்டிப் பார்த்தால் விடையை ஓரளவு நெருங்கலாம். (மூடியே வைத்திருந்தால் கரை தாங்கியிருக்குமா என்பது வேறு கணக்கு.)

இதற்கு மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பிறந்த லிஸ்ஃப்ளட்-எஃப்பி எட்டாம் பதிப்பிலிருந்து மூலநிரலோடு கிடைக்கிறது. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் நீர் நகர்வதைக் கணக்கிடுவது அது. ஆஸ்திரேலியாவின் அனுகா பைத்தானில் இயங்கும், முக்கோண வலையில் கணக்குப் போடும். மழைநீர் வடிகால் குழாய்களுக்கு அமெரிக்காவின் ஸ்வம் இருக்கிறது. வரைபட வேலைக்கு க்யூஜிஐஎஸ். ஆறு கரைபுரண்டு ஊருக்குள் வருவதைப் பார்க்க லிஸ்ஃப்ளட் போதும். அதை வைத்தே சொல்கிறேன்.

சமன்பாடுகளில் கோளாறு அபூர்வம். பெரும்பாலும் நாம் கொடுக்கும் தரைதான் தப்பாக இருக்கும். இலவச உயரத் தரவுகளில் பழையது எஸ்ஆர்டிஎம், 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் பார்த்தது மொட்டைமாடிகளையும் மர உச்சிகளையும். கோப்பர்நிக்கஸ் 30 புதியது, தரமும் மேல். ஆனால் அதிலும் கட்டடங்கள் கழிக்கப்படவில்லை. சென்னையின் சராசரி உயரமே கடல்மட்டத்துக்கு மேல் 6, 7 மீட்டர்தான். அங்கே இரண்டு மாடி வீடுகள் தரையாகக் கணக்கில் ஏறினால் தெருவே மேடாகிவிடும், தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். கட்டடமும் மரமும் கழித்த ஃபேப்டெம் தரவு வணிகமல்லாத வேலைக்கு இலவசம். அதிலிருந்து தொடங்குங்கள்.

தரவு அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைக் கணக்கில் வரும். க்யூஜிஐஎஸ்ஸில் அதை யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றி மீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். மாற்றும்போது கட்டத்தின் நீளம், அகலம் இரண்டுக்கும் 30 என்று நாமே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சதுரமில்லாத கட்டங்கள் உருவாகலாம்; அந்தக் கோப்பு லிஸ்ஃப்ளட்டுக்கு ஒத்துவராது.

பாடநூல்கள் அடுத்த படியாக உயரத் தரவில் உள்ள பள்ளங்களை நிரப்பச் சொல்லும். ஒரு பொத்தானை அழுத்தினால் நிரம்பிவிடும். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் அதைச் செய்யக் கூடாது. இங்கே பள்ளம் என்பது ஏரி. நிரப்பினால் ஆதனூர், மணிமங்கலம் ஏரிகள் எல்லாம் சமவெளியாகிவிடும்; கலங்கல் (ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழியும் இடம்) வழியாகத் தாமதமாக வர வேண்டிய நீர் உடனே ஆற்றில் இறங்கிவிடும். தரவுப் பிழையால் வந்த ஒற்றைக் கட்டக் குழிகளை மட்டும் தேடி நிரப்ப வேண்டும். 2015 நவம்பர் மழையில் ஏரிகள் நிரம்பியே நின்றன என்பதால், தொடக்க நீர்மட்டத்தைக் கலங்கல் உயரத்தில் வைக்க வேண்டும்.

ஆற்றின் கதை இன்னும் மோசம். ரேடார் தண்ணீருக்குள் ஊடுருவாது; தரவில் இருப்பது நீரின் மேல்மட்டம், படுகை அல்ல. குறுக்குவெட்டு அளவுகளைப் பெற்று ஆற்றுக் கட்டங்களைத் தாழ்த்தாவிட்டால் சின்ன வெள்ளத்துக்கே ஆறு வழியும். தரவில் பாலங்கள் அணையாக நிற்கும். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைப் பாலமாகக் கடக்கிறது. அதை அப்படியே விட்டால் ஆறு அங்கேயே முடிந்துபோகும். வெட்டித் திறந்துவிட்டாலோ பாலத் தூண்களின் நெருக்கடி காணாமல் போகும். ஆகவே வெட்டிய பிறகு திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இனி தண்ணீர். 29,000 கன அடி என்பது விநாடிக்கு 821 கன மீட்டர். அதை அப்படியே எழுதினால் 30 மடங்கு வெள்ளம் வரும். சமவெளிக் கட்டத்தில் விடும் நீரை லிஸ்ஃப்ளட் ஒரு மீட்டர் அகலத்துக்கான அளவாக எடுத்துக்கொள்ளும். 821ஐ 30ஆல் வகுத்து 27.4 என்று எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள்.

மழையில் வேறு வகைச் சிக்கல். 49 செ.மீ.யை 24ஆல் வகுத்தால் மணிக்கு 20 மி.மீ. சொச்சம். அப்படிச் சீராகப் பெய்ய வைத்தால் வெள்ள உச்சம் தணிந்துவிடும். நாசாவின் ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத் தரவு அரை மணிக்கு ஒருமுறை கிடைக்கிறது. அதிலிருந்து மழையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மொத்த அளவை மழைமானிக்குப் பொருத்துவது நல்லது. அதன் நேரம் உலக நேரம். நம் காலை 8.30 அங்கே 3 மணி. ஐந்தரை மணி நேரத்தை மறந்தால் ஏரித் திறப்பும் மழையும் பொருந்தாமல் போகும்.

கடல் பக்க எல்லையில் அலையேற்ற மட்டத்தைக் கொடுக்கிறோம். துறைமுக அளவுகோலின் சுழியமும் உயரத் தரவின் சுழியமும் ஒன்றல்ல. வித்தியாசத்தைக் கழித்த பிறகே சேர்க்க வேண்டும். முகத்துவாரத்தில் மணல்திட்டு இருந்தால் ஒரு ஓட்டம், அரித்துப்போன பின் ஒரு ஓட்டம்.

தரை நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற உராய்வுக்கு மேனிங் எண்: சுத்தமான ஆற்றுக்கு 0.03, ஆகாயத்தாமரையும் புதரும் மண்டினால் 0.05க்கு மேல், கான்கிரீட்டுக்கு 0.015.

5 மீட்டர் ஆழ நீரில் அலை விநாடிக்கு 7 மீட்டர் ஓடும். ஒரு நேரப்படிக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. அதனால் 30 மீட்டர் கட்டத்தில், கொஞ்சம் பாதுகாப்பு விட்டு, கணக்கு சுமார் 3 விநாடிக்கு ஒருமுறை நகரும். 800 சதுர கி.மீ. பரப்புக்கு 9 லட்சம் கட்டங்கள். நல்ல மேசைக் கணினி தாங்கும். 10 மீட்டராக்கினால் கட்டம் 9 மடங்கு, நேரப்படிகளின் எண்ணிக்கை 3 மடங்கு, ஆக வேலை 27 மடங்கு. தரையே 30 மீட்டரில் அளந்ததாக இருக்கும்போது இந்த ஆடம்பரம் வீண்.

ஓட்டம் முடிந்ததும் அழகான வரைபடத்தைத் திறக்காதீர்கள். முதலில் நீர்க்கணக்குக் கோப்பு: உள்ளே வந்ததும், வெளியே போனதும், தேங்கி நிற்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தோடு ஒப்பிடலாம். ஆனால் அது வயல்வெளிக்குத்தான் சரி. கட்டடங்களுக்கிடையே நிற்கும் நீரில் ரேடார் அலை சுவரில் பட்டுத் திரும்பி, நனைந்த தெரு பளிச்சென்று வெளிச்சமாகத் தெரியும். அதை உலர்ந்த இடமென்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். ஊருக்குள் சுவரில் படிந்த வெள்ளக்கறையின் உயரத்தை அளப்பதே நம்பகம். அதையும் தெருவிலிருந்து அளந்தால் பயனில்லை, கடல்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கணினி மாதிரி காட்டும் மட்டம் கறையோடு அரை மீட்டருக்குள் ஒத்துப்போனால் இந்தத் தரவுக்கு அது நல்ல விளைவு. வரைபடத்தில் ஆழத்தை அரை மீட்டர் படிகளாகவே நிறமிடுங்கள்; சென்டிமீட்டர் வேண்டாம்.