முன்பக்கத்து எடை: ஒரு ஜெர்மன் காரின் பொறியியல்

நேயர்களுக்கு வணக்கம்.

எக்சிக்யூட்டிவ் கார் என்றால் நம்மில் பலருக்குத் தோல் இருக்கைகளும் மரப் பட்டைகளும்தான் நினைவுக்கு வரும். அவை எல்லாம் கடைசியில் சேர்ப்பவை. அந்தக் காரை உருவாக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டது வேறொரு கேள்விக்காக: காரின் எடை எங்கே உட்கார வேண்டும்? இதற்கு விடை தேடி ஒரு நிறுவனம் எவ்வளவு தூரம் போனது, அந்த விடை இன்று பழுது பார்ப்பவரின் கையில் என்னவாக வந்து நிற்கிறது என்பதைப் பேசுவோம்.

எடுத்துக்கொள்வது பி.எம்.டபிள்யூ 5 வரிசையின் ஐந்தாம் தலைமுறை. நிறுவனத்துக்குள் அதன் பெயர் இ-60. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள டிங்கோல்ஃபிங் ஆலையில் உருவாகி, 2003ல் சந்தைக்கு வந்தது. 2007ல் சிங்கப்பெருமாள்கோயில் அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொடங்கிய ஆலையிலும் இது பாகங்களாக வந்து கோக்கப்பட்டது. அதனால் நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் கண்ணில் படும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஆசை காட்டும் விலைக்கும் வருகிறது.

நீளம் 4841 மில்லிமீட்டர். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே 2888 மில்லிமீட்டர். எஞ்சின் முன்னே, இழுவை பின் சக்கரங்களில். இப்படிப்பட்ட காரில் இயல்பாகவே முன்பக்கம் கனக்கும். முன் டயர்கள் அதிகச் சுமை தாங்கினால் வளைவில் கார் திரும்ப மறுத்து வெளியே நழுவப் பார்க்கும். டயரின் சுமையை இரண்டு மடங்காக்கினால் அதன் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே நான்கு டயர்களும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால்தான் மொத்தப் பிடிப்பு அதிகமாகக் கிடைக்கும். முன்னுக்கு 50, பின்னுக்கு 50 என்ற இலக்கு அங்கிருந்து வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். காரின் எடை 1600 கிலோ, அதில் முன்னே 825, பின்னே 775 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் 25 கிலோ பேட்டரியைத் தூக்கி டிக்கியில் வைத்தால் முன்னே 800, பின்னே 800. ஒரு கிராம்கூடக் குறைக்காமல் சமன் ஆகிவிட்டது. இ-60 காரின் பேட்டரி டிக்கியின் வலது ஓரத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். நகர்த்த முடிந்ததை நகர்த்தினார்கள். நகர்த்த முடியாததை இலகுவாக்கினார்கள். அதுதான் கடினமான வேலை.

முதலில் உடற்கூடு. இ-60ல் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவர் வரை கட்டமைப்பு எஃகு. அதற்கு முன்னால் இருப்பது அலுமினியம்: எஞ்சினைத் தாங்கும் நீள உத்தரங்கள், ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் வார்ப்புகள், மேலே போனட், பக்கத்து ஃபெண்டர்கள் எல்லாமே. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. ஆனால் விறைப்பிலும் அலுமினியம் மூன்றில் ஒரு பங்குதான். அதே தடிமனில் செய்தால் துவண்டுவிடும். அதனால் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும், வார்ப்பில் விலா எலும்பு போன்ற மடிப்புகள் வைக்க வேண்டும். அதன் பிறகும் எடை குறைகிறது என்பதுதான் லாபம்.

சிக்கல் இரண்டும் சந்திக்கும் இடத்தில். அலுமினியத்தையும் எஃகையும் வழக்கமான முறையில் வெல்டு வைத்து இணைக்க முடியாது. நேரடியாகத் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உண்டாகும். அலுமினியம் தன்னை அரித்துக் கொடுத்து எஃகைக் காப்பாற்றும். ஆகவே இணைப்பில் ரிவெட்டும் கட்டமைப்புப் பசையும் சேர்ந்து வேலை செய்கின்றன. பசை ஒட்டுவதற்கு மட்டும் இல்லை. இரு உலோகங்களும் தொடாமல் பிரித்து வைப்பதும் அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மீட்டர் நீளத்தை 150 டிகிரி சூடாக்கினால் எஃகு சுமார் 1.8 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 3.4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பெயிண்ட் உலர்த்தும் அடுப்புக்குள் உடற்கூடு போகும்போது இந்த வேறுபாட்டை அந்த இணைப்பு தாங்கியாக வேண்டும். பிசகாமல் தாங்க வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு இந்தக் காரில் ஆகப் பெரிய வியப்பு.

இப்போது டிங்கரிங் பட்டறைக்கு வருவோம். எஃகைச் சூடாக்கினால் சிவக்கும், கண் பார்த்துக் கை நிற்கும். அலுமினியம் நிறம் மாறாமலேயே 660 டிகிரியில் உருகி விழுந்துவிடும். தட்டத் தட்ட இறுகும், பிறகு விரிசல் விடும். ஷாக் அப்சார்பர் தலை உட்காரும் வார்ப்பு வளைந்தால் நிமிர்த்தவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். எஃகு தேய்த்த கிரைண்டரையும் கம்பி பிரஷ்ஷையும் அலுமினியத்தில் வைத்தால் எஃகுத் துகள் உள்ளே புதைந்து, அந்த இடத்திலிருந்தே அரிப்பு தொடங்கும். தனிக் கருவி, தனி இடம் வேண்டும் என்று சொல்வது பகட்டுக்காக அல்ல. கடலோர ஊர்களில் ஓடிய, ஒருமுறை மோதிச் சரிசெய்த காரில் இணைப்பு ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டு, உள்ளே வெள்ளைப் பொடி தெரிந்தால், பசை இல்லாமல் உலோகத்தோடு உலோகம் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு காந்தம் கொண்டு போங்கள். இ-60ன் கதவில் காந்தம் ஒட்ட வேண்டும், அது எஃகு. ஒட்டவில்லை என்றால் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பூச்சு, தடிமனாக இருக்கிறது. போனட்டிலும் முன் ஃபெண்டரிலும் காந்தம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் யாரோ மலிவு எஃகுத் தகட்டைப் போட்டிருக்கிறார்கள். அலுமினியப் பகுதியில் பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் உதவாது. அலுமினியத்தையும் அளக்கும் பெயிண்ட் தடிமன் மீட்டர் வேண்டும். பிறகு போனட்டைத் திறந்து ரிவெட் தலைகள் இடமும் வலமும் ஒரே வரிசையில், ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது எஞ்சின். 2005 முதல் இந்தக் காரில் வந்த என்-52 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினின் எடை 161 கிலோ. அதன் பிளாக்கின் வெளி உடம்பு மக்னீசியக் கலவை. மக்னீசியம் அலுமினியத்தைவிட மூன்றில் ஒரு பங்கு இலகுவானது. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பட்டால் அரித்துப் போகும், பிஸ்டன் உரசினால் தாங்காது. அதனால் உள்ளே சிலிகான் மிகுந்த அலுமினியக் கலவையில் ஒரு கூடு வார்த்து, சிலிண்டர்களையும் கூலன்ட் ஓடும் வழிகளையும் அதற்குள் அடக்கி, அதைச் சுற்றி மக்னீசியத்தை வார்த்தார்கள். தண்ணீர் மக்னீசியத்தைத் தொடுவதே இல்லை.

பிளாக் மக்னீசியம் ஆனதும் போல்ட்டும் மாறியாக வேண்டும். எஃகு போல்ட் போட்டால் அரிப்பு ஒரு பக்கம். சூட்டில் மக்னீசியம் எஃகைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விரிவதால் திரெட் நசுங்கும், ஆறியதும் பிடி தளரும். எனவே அலுமினிய போல்ட். தலையில் நீலம் தீட்டியிருக்கும், காந்தத்தில் ஒட்டாது. ஆயில் சம்ப், கியர்பாக்ஸ் இணைப்பு என்று பல இடங்களில் வரும். இவற்றை முதலில் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் சிறிய அளவுக்கு முறுக்கி, பிறகு குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்ப வேண்டும். அப்போது போல்ட் நிரந்தரமாகக் கொஞ்சம் நீண்டுவிடும். அந்த இழுவைதான் அதன் பிடிமானம். அதனால் ஒருமுறை கழற்றிய போல்ட்டை மறுபடி போடவே கூடாது. பார்க்கப் புதிதுபோல இருக்கும். முறுக்கும்போதோ, ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகோ, தலை தனியாக வரும். உடைந்த அடிப்பகுதியை எடுக்க டிரில் போடுபவர் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும்: மக்னீசியத் துருவல் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். பக்கத்தில் உலர்ந்த மணல் இருக்கட்டும்.

இதே எஞ்சினில் வாட்டர் பம்ப்புக்கு பெல்ட் கிடையாது, 200 வாட் மின் மோட்டார் ஓட்டுகிறது. தேவைப்படும் அளவுக்கு மட்டும் ஓடுவதால் எரிபொருள் மிச்சம். பெல்ட் பம்ப் ஒழுகியோ சத்தம் போட்டோ முன்கூட்டிச் சொல்லும். மின் பம்ப் பெரும்பாலும் சொல்லாமல் நின்றுவிடும். ஹீட் எச்சரிக்கை வந்தால் அடுத்த சிக்னல் வரை என்று நினைக்காமல் அங்கேயே எஞ்சினை நிறுத்துங்கள். பம்ப்பை மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பம்ப்பைப் பிடிக்கும் போல்ட்களும் அலுமினியம்தான், அவையும் புதிதாக வேண்டும்.

மாற்றிய பிறகு காற்று வெளியேற்றும் முறையைப் பலர் செய்வதில்லை. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கூலன்ட்டை நிரப்பி மூடியை மூடுங்கள். பேட்டரிக்கு சார்ஜர் கொடுங்கள். இக்னிஷனை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹீட்டரை அதிகபட்சச் சூட்டிலும் ஃபேனைக் குறைந்தபட்ச வேகத்திலும் வையுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்துப் பத்து நொடி பிடித்து விடுங்கள். பம்ப் தானே சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளும். நின்றதும் மட்டம் பார்த்து நிரப்புங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் ஏர் லாக் ஆகிப் புது பம்ப்பே கெட்டது என்று தோன்றும்.

டிக்கிக்குப் போன பேட்டரிக்கும் விலை உண்டு. அங்கிருந்து முன்னே ஸ்டார்ட்டர் வரை தடித்த கேபிள் காரின் நீளத்துக்கு ஓடுகிறது. விபத்தில் அது நசுங்கி உடம்பைத் தொட்டால் தீ. அதனால் பேட்டரி முனையிலேயே ஒரு சிறு வெடிமருந்து இருக்கிறது. பெரிய மோதலில் அது வெடித்து ஸ்டார்ட்டர் கேபிளைத் துண்டிக்கும், அபாய விளக்குகளுக்கு மின்சாரம் தொடரும். மோதிய காரில் விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்த முனையை. பேட்டரி வாயுவை வெளியே கொண்டு போகும் மெல்லிய குழாயை மாட்ட மறப்பவர்களும் உண்டு. பயணிகள் இருக்கும் கூட்டுக்குள் ஹைட்ரஜன் சேர விடலாமா?

புது பேட்டரி போட்டால் ஸ்கேனரில் பதிவு செய்தாக வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உள்ள உணரி தரும் தகவலை வைத்து, காரின் கணினி பழைய பேட்டரியின் முதுமைக்கு ஏற்ப சார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டிருக்கும். சொல்லாவிட்டால் புதியதையும் கிழவனாகவே நடத்தும், அது சீக்கிரம் கெடும். ஆம்பியர் அளவையோ வகையையோ மாற்றினால் பதிவு மட்டும் போதாது, காரின் கணினியில் உள்ள கோடிங்கும் மாற்ற வேண்டும்.

கடைசியாக சஸ்பென்ஷன். சக்கரத்தை உடற்கூட்டோடு இணைக்கும் ஆர்ம்கள் பெரும்பாலும் அலுமினியம். சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை குறைந்தால் பள்ளத்தில் டயர் தரையை விடாமல் தொடரும். முன் ஆர்ம்களில் ஒன்றின் உள்முனையில் திரவம் நிரம்பிய ரப்பர் புஷ் இருக்கிறது. அது கிழிந்து திரவம் கசிந்துவிட்டால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் தொடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். உடனே டிஸ்க் வளைந்துவிட்டது என்று அதை மாற்றுவார்கள், சில மாதத்தில் நடுக்கம் திரும்ப வரும். பிரேக் பெடல் காலடியில் துடித்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். பெடல் அமைதியாக இருந்து ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் புஷ்ஷில் கறுப்புக் கசிவு இருக்கிறதா பாருங்கள். புது ஆர்ம் போடும்போது காரைத் தூக்கி சக்கரம் தொங்கும் நிலையில் நட்டை இறுதியாக முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுகியே நிற்கும், விரைவில் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழு முறுக்கு. சிறிய விஷயம்தான், ஆனால் நல்ல பாகத்தைப் பாழாக்குவதில் இதற்கு முதலிடம்.

2010ல் வந்த அடுத்த தலைமுறையில் முன்பக்கத்து உத்தரங்கள் எஃகுக்கே திரும்பின. அதற்குள் உயர்வலிமை எஃகு வளர்ந்துவிட்டது, பழுதுபார்ப்பும் எளிதானது. எடையை மிச்சம் பிடிக்கக் கதவுகளை அலுமினியம் ஆக்கினார்கள். டர்போ வந்து சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் மக்னீசிய பிளாக்கும் போய், முழு அலுமினிய பிளாக் வந்தது. முன்பக்கம் முழுவதையும் அலுமினியத்தில் செய்தது தவறா என்று கேட்டால், நான் தவறு என்று சொல்ல மாட்டேன். 2003ல் கையில் இருந்த எஃகைக் கொண்டு அந்தச் சமநிலையை எட்ட வேறு நல்ல வழி தெரியவில்லை. டிக்கி பேட்டரியும் ஒருமுறை மட்டும் போடும் அலுமினிய போல்ட்டும் அடுத்த தலைமுறைக்கும் கூடவே வந்தன. அந்தக் காரை வைத்திருப்பவர்களும் சர்வீஸுக்குக் கொடுக்குமுன் போல்ட் புதிதாகப் போடப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.