மிச்சம் பிடித்த சித்தப்பாவும் எண்ணி வைத்த முறுக்கும்

(தலைப்பு: தீபாவளிக்கு வீட்டில் மகிழ்ச்சி தருவது சிக்கனமா, தாராளமா? ‘சிக்கனமே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மழை வந்துவிடுமோ என்று மேலே பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். அவ்வளவுதான், வணக்கத்திலும் சிக்கனம்.

தாராளம் தாராளம் என்று எதிரணியில் மூச்சு விடாமல் பேசினார்கள். எங்கள் சித்தப்பாவைத் தெரியாதவர்கள் தாராளத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

குரோம்பேட்டையில் இருக்கிறார். ஒரு தீபாவளிக்கு முன்னால் சட்டை எடுக்க, ஒரே ஒரு சட்டை எடுக்க, ரங்கநாதன் தெருவுக்குப் போனார். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் போதும், அந்த சீசனில் நாம் நடக்கவே வேண்டாம், கூட்டமே கொண்டுபோய்க் கடைக்குள் விட்டுவிடும். சித்தப்பாவையும் விட்டது. சட்டை 800 ரூபாய். பக்கத்திலேயே அட்டை தொங்குகிறது: இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். ஒன்று எடுக்கப் போனவர் மூன்று எடுத்தார். சரி, 1,600 ரூபாயோடு போயிருக்கும். பில் போடுகிற பெண் சும்மா இருக்கக் கூடாதா? “சார், 5,000-க்கு மேல வாங்கினா எவர்சில்வர் பேசின் ஃப்ரீ” என்று சொல்லிவிட்டது. மனிதர் வரிசையிலிருந்து விலகி மறுபடியும் மாடிப்படி ஏறிவிட்டார். சித்திக்கு ஒரு புடவை, தலையணை உறை, யாருக்கென்றே தெரியாத ஒரு பாவாடை. கணக்கு 4,700-இல் வந்து நின்றது. முந்நூறு ரூபாய் குறைகிறது. அதற்கு ஒரு லுங்கி எடுத்தார், 350. ஆக 5,050. பேசின் கைக்கு வந்தது.

பேசின் என்றால் சாதாரணப் பேசின் இல்லை, பிள்ளையை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். அதைத் தூக்கிக்கொண்டு தீபாவளிக் கூட்டத்தில் மின்சார ரயில் ஏற முடியுமா? பத்து ரூபாய்க்குள் முடிகிற பயணத்துக்கு 450 ரூபாய் கொடுத்து ஆட்டோவில் வந்து இறங்கினார், மடியில் பேசினோடு.

சித்தி வாசலிலேயே கேட்டார்: “எவ்வளவு ஆச்சு?”

“எவ்வளவு ஆச்சுன்னு கேக்காதே. எவ்வளவு மிச்சம்னு கேளு. ரெண்டாயிரம்!”

சட்டை 800, பேசின் 600, புடவையில் தள்ளுபடி 600. கணக்கு சரிதான். ஆனால் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லும்போது 2,500 ஆகிவிட்டது. பேசின் விலை ஏறிவிட்டதாம். மறுநாள் மாமா வீட்டில் 3,000, அங்கே லுங்கியும் இலவசத்தில் சேர்ந்துகொண்டது. பெரியப்பா வீட்டில் 4,000, அங்கே கடை முதலாளியே வந்து “சார், இப்படி வாங்கினா நாங்க எப்படிப் பிழைக்கிறது” என்று கண் கலங்கினாராம். தீபாவளி அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, இலவசச் சட்டையை மாட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லும்போது ஐயாயிரத்தைத் தொட்டுவிட்டார். யோசித்துப் பாருங்கள், பில் 5,050, மிச்சம் 5,000. ஐம்பது ரூபாய்க்கு மூன்று சட்டை, ஒரு புடவை, ஒரு பாவாடை, ஒரு லுங்கி, ஒரு பேசின்!

அந்த நேரம் பார்த்துப் பால்காரர் தீபாவளி இனாம் கேட்டு வந்து நிற்கிறார். சித்தப்பா சட்டைப் பையைத் தடவுகிறார். புதுச் சட்டை, பையில் ஸ்டிக்கர்தான் இருக்கிறது. உள்ளேயிருந்து சித்தி குரல் கொடுத்தார்: “என்னங்க, அந்த மிச்சமான ஐயாயிரத்துல ஒரு நூறை எடுத்துக் குடுங்க!”

நடுவர் அவர்களே, அந்த ஐயாயிரத்தை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். பேசினைக் கவிழ்த்துப் போட்டுக்கூடப் பார்த்தாகிவிட்டது.

தலைப்புக்கு வருகிறேன். நடுவர் முறைக்கிறார்.

போனஸ் வருகிறதே, செலவு செய்யத்தானே என்று எதிரணித் தம்பி கேட்டார். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்று சட்டமே வைத்திருக்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு பதிமூன்றாவது மாதம் மாதிரி. நம் வீடுகளில் அந்தப் பதிமூன்றாவது மாதச் சம்பளம் வரும்போது, ஆடித் தள்ளுபடியில் தேய்த்த கார்டு வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. வெடி வாங்காதவன் கஞ்சன் என்றும் சொன்னார். தம்பி, 2018-இல் உச்ச நீதிமன்றமே இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லி, நம்ம ஊரில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வைத்தாகிவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு வெடி வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொளுத்த வேண்டுமென்றால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். ஊருக்குப் போக ரயிலில் 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்கே உட்கார்ந்து டிக்கெட் போடுகிறவன் கருமி, கடைசி நாளில் ஆம்னி பஸ்காரர் கேட்ட பணத்தைக் கொடுக்கிறவன் வள்ளல். இது உங்கள் கணக்கு. இருக்கட்டும்.

கோ-ஆப்டெக்ஸில் கொடுக்கிற 30 சதவீதத் தள்ளுபடி, வாரா வாரம் கட்டுகிற தீபாவளிச் சீட்டு, சீட்டுப் பிடித்தவர் ஐப்பசியில் ஊரைக் காலி செய்கிற கதை, எல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். இதோ காகிதம். மடித்து வைத்துவிடுகிறேன். ஏனென்றால் எதிரணித் தலைவி, பேராசிரியை அம்மா, போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “இந்தச் சிக்கன அணிக்காரர்கள் முறுக்கு சுட்டால் எண்ணி டப்பாவில் போட்டு, மூடி, அந்த மூடிமேலேயே உட்கார்ந்துகொள்வார்கள்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் யார் யார் தட்டினார்கள் என்று பார்த்துவைத்திருக்கிறேன்.

அம்மா, உண்மைதான். எங்கள் வீட்டில் முறுக்கை எண்ணுவார்கள். மூடிமேல் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. போனஸ் வந்தால் வந்ததுதான். அம்மா ரேஷன் சர்க்கரையை ஆவணியிலிருந்தே தகர டப்பாவில் சேர்க்க ஆரம்பித்துவிடுவார். வீட்டுக் காப்பியில் சர்க்கரை குறைந்தால் தீபாவளி வருகிறது என்று அர்த்தம். முறுக்கு சுடுகிற அன்று பெரிய வாணலி ஏறும். ஜல்லிக்கரண்டியின் முதுகில் அச்சைச் சுற்றிப் பிழிந்து, நுனிவிரலால் முனையை ஒட்டிவிட்டு, அப்படியே எண்ணெயில் நழுவ விடுவார். சலசலப்பு அடங்கியதும் எடுத்துச் செய்தித்தாளில் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டே எண்ணுவார். நான் ஒன்றை எடுத்தால் கணக்குத் தப்பிவிடும், முதுகில் ஒன்று விழும்.

எண்ணியது எதற்கு என்று கேளுங்கள், பேராசிரியை அம்மா. தெருவில் பதினோரு வீடு. வீட்டுக்கு ஐந்து முறுக்கு, இரண்டு அதிரசம். அப்புறம் இஸ்திரி போடுகிறவர், தெரு கூட்டுகிற அக்கா, அப்பாவின் பட்டறையில் கூட வேலை பார்த்த பையன். எல்லாருக்கும் அதே ஐந்து, அதே இரண்டு. ஒரு வீட்டுக்கு அதிகம், ஒரு வீட்டுக்குக் குறைவு என்று யாரும் முகம் சுருக்கக் கூடாது. இருக்கிற மாவு எல்லா வாசலுக்கும் போய்ச் சேர வேண்டும். எண்ணாமல் எப்படி அம்மா முடியும்? அள்ளிக் கொடுப்பதற்கு எங்களிடம் அண்டா அண்டாவாகவா இருந்தது?

எங்களுக்கு உடைந்ததுதான். முழு முறுக்கு என்பது அடுத்த வீட்டுக்காரர்கள் சாப்பிடுகிற பலகாரம் என்றே நானும் என் தங்கையும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

ஒரு வருஷம் மூன்றாவது வீட்டுக்கு மட்டும் பத்து முறுக்கு வைத்தார். “அவங்களுக்கு மட்டும் ஏம்மா பத்து?” என்று சண்டை போட்டேன். “அந்த வீட்டுத் தாத்தா தவறிட்டார்ல, இந்த வருஷம் அங்க எண்ணெய்ச்சட்டி ஏறாதுடா. பிள்ளைங்க இருக்கு” என்றார்.

நான் எட்டாவது படிக்கும்போது, ஆனி மாசம், அப்பா போய்விட்டார். அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறவில்லை. விடிவதற்கு முன்னாலிருந்தே கதவைத் தட்டித் தட்டிப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை, கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். பத்து. அடுத்ததிலும் பத்து. இஸ்திரிக்காரர் கொண்டுவந்ததிலும் பத்து. எல்லாம் முழு முறுக்கு. எங்கள் அம்மா அந்தத் தெருவில் ஒருவரிடமும் இந்தக் கணக்கைச் சொன்னதில்லை, அம்மா.

இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர் கேட்பார். மணியும் அடித்துவிட்டார். மார்க் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா. அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணன் என்னைக் கஞ்சன் என்று திட்டட்டும், தாராளமாகத் திட்டட்டும். முறுக்கு எண்ணுகிறவர்களை மட்டும் இழுக்காமல் பேசிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வணக்கம்.