ஊக்கு குத்திய பாவாடை

நடுவர் அவர்களுக்கு வணக்கம். சிறுவயதில் பட்ட அவமானம் மனிதரை உயர்த்துகிறதா, உள்ளுக்குள் அரிக்கிறதா? அரிக்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி எம்.ஜி.ஆரைச் சொன்னார். பசியறிந்து வளர்ந்தவர்தான் 1982இல் சத்துணவு போட்டார் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் ஊருக்கு என்ன கிடைத்தது என்பதா நம் தலைப்பு? பட்டவருக்கு என்ன மிஞ்சியது?

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸைப் பாருங்கள். 1824ஆம் வருஷம், வயசு 12. கடன் கட்ட முடியாத அப்பா லண்டன் மார்ஷல்சி சிறையில். பையன் தேம்ஸ் கரையில், ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிறான். வாரக்கூலி ஆறேழு ஷில்லிங். பிறகு ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்; தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாக அப்பா அவனை வேலையை விட்டு நிறுத்தினார். அம்மாவோ திரும்ப அனுப்பலாம் என்றார். அந்த ஒரு சொல்லை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

ஜெயித்தாரே என்பீர்கள். ஜெயித்தார். கடுமையாக உழைத்தால் ஒருநாள் இங்கே வாழலாம் என்று அப்பா சின்ன வயதில் காட்டிய காட்ஸ் ஹில் வீட்டையே 1856இல் விலைக்கு வாங்கினார். வாங்கிய வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்தாரா? ஊர் ஊராகப் போய் மேடையில் தன் கதைகளை வாசித்துக் காட்டினார். 1869இல் உடம்பு விழுந்தது, மருத்துவர்கள் நிறுத்தினார்கள். மறுவருஷம் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறுபடி மேடை ஏறினார். அந்த வருஷமே, 58 வயதில் இறந்தார். லேபிள் ஒட்டிய கதை அவர் பெற்ற பிள்ளைகளுக்கே அதன் பிறகுதான் தெரியும், அதுவும் நண்பர் எழுதிய வரலாற்றைப் படித்து. உலகமே கொண்டாடிய மனிதர், அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூசினார் ஐயா!

நான் படித்ததை மட்டும் பேசவில்லை. ஏழாம் வகுப்பில், ஃபீஸ் கட்டாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். மாசாமாசம் நின்றேன். கொக்கி போன பாவாடைக்கு அம்மா ஊக்கு குத்தியிருப்பாள். அதை நோட்டால் மறைத்துக்கொள்வேன். இன்று வங்கியில் அதிகாரி. மூன்று பதவி உயர்வு வாங்கிவிட்டேன். மீட்டிங்கில் பெயர் சொல்லிப் பாராட்டும்போது எழுந்தால், கை இப்போதும் தானாக இடுப்புக்குப் போகிறது.

அந்த வெறி இல்லாவிட்டால் படித்திருப்பீர்களா என்று தம்பி கேட்பார். படித்திருப்பேன் தம்பி. எனக்குக் கணக்கு பிடிக்கும். முதல்முறை எழுந்து நிற்பதற்கு முன்பே பிடிக்கும்.