சான்றிதழ் பேனலுக்கு, மாடிக்கு யார் பொறுப்பு?

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அவனியாபுரத்திலிருந்து மேலூர் வரை எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் இப்போது இரண்டு மூன்று மாடிகளிலாவது சோலார் பேனல் தெரிகிறது. 2024-இல் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தபிறகு இந்த வேகம் கூடிவிட்டது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வரட்டும், நல்லதுதான். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது.

ஆனால் பேனல் போடப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே வகைக் கேள்விகள். மாதம் எத்தனை யூனிட் கிடைக்கும்? போட்ட பணம் எப்போது திரும்பும்? மானியம் எப்போது வங்கிக்கு வரும்? கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக் குழியை எங்கே தோண்டப் போகிறார்கள் என்று கேட்பவர் அரிது. மின்துறைப் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய கவலை. பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "பேனலுக்கு எல்லாச் சான்றிதழும் இருக்கிறது சார்" என்று பதில் வருகிறது. அந்தச் சான்றிதழ் எதற்கு நிற்கிறது, எதற்கு நிற்காது என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம் நாட்டில் விற்கும் பேனல் ஐ.எஸ். 14286 என்ற இந்தியத் தரத்தையும், பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61730 என்ற பன்னாட்டுத் தரத்தையும் நிறைவு செய்திருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆணை 2017-லேயே வந்துவிட்டது. அந்தச் சோதனைகள் சாதாரணமானவை அல்ல. 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம், அதில் தொடர்ந்து 1,000 மணி நேரம் பேனலை வைத்திருப்பார்கள். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டைகளை விசையோடு எறிந்து பார்ப்பார்கள். நம் சித்திரை வெயிலில் மாடியில் கிடக்கும் பேனல் 65, 70 டிகிரி வரை சுடும். அதைத் தாங்கத்தான் இத்தனை சோதனையும். பேனலின் பின்பக்க லேபிளில் ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று காட்டிவிடும். பேனல் லாரியிலிருந்து இறங்கும் நாளிலேயே இதைப் பார்த்துவிடுங்கள். மாடியில் ஏற்றி முறுக்கியபிறகு குனிந்து பார்க்க முடியாது.

சரி, எண்ணும் உண்மை, பேனலும் நல்ல பேனல். சான்றிதழின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. ஒரு பேனலையும் அடுத்த பேனலையும் இணைத்த கை யாருடையது, எந்த வயரை இழுத்தார்கள், எந்தச் சுவிட்சைப் போட்டார்கள் என்பது எந்தச் சோதனைக்கூடத்துக்கும் தெரியாது. மாடியில் தீப்பிடிக்கக் காரணமாவது பெரும்பாலும் இந்த இடங்கள்தான்.

ஏன் என்று சொல்கிறேன். வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் திசை மாறி மாறி ஓடுவதால் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்கிறது. சுவிட்சில் ஒரு பொறி கிளம்பினாலும் அந்தக் கணத்தில் அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அதற்குப் பூஜ்யம் கிடையாது. ஒரு தளர்ந்த இணைப்பில் பொறி பிடித்தால் அது நின்று எரியும். ஒரு பேனலுக்கு 40 முதல் 50 வோல்ட் என்றாலும், ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். வெளிச்சம் இருக்கும்வரை அதை யாராலும் நிறுத்தவும் முடியாது. வீட்டு மெயினை அணைத்தாலும் பேனலிலிருந்து இறங்கும் வயரில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே பேனல் பக்கத்தில் போடும் டிரிப்பர், ஃபியூஸ், இணைப்பைத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் எல்லாம் நேர்மின்சாரத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க வீட்டு டிரிப்பரை அங்கே மாட்டுவது குற்றம் என்றே சொல்வேன். அணைக்க வேண்டிய நேரத்தில் அதுவே எரியும். பேனல்களை இணைக்கும் கனெக்டரிலும் கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஆண் முனையை வேறு நிறுவனத்தின் பெண் முனையில் செருகினால் பொருந்துவதுபோலத் தோன்றும். உள்ளே தொடர்பு சரியாக இருக்காது, மெல்லச் சூடேறும். வயரும் அப்படித்தான். வீட்டுக்குள் ஓடும் சாதாரண பி.வி.சி. வயர் மாடி வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்து உரியும். சோலாருக்கென்று ஐ.எஸ். 17293 தரத்தில் வயர் கிடைக்கிறது. அதையும் குழாய்க்குள் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். அழகர்கோவில் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் வயரைக் குரங்கு விட்டுவைக்காது.

எர்த்துக்கு வருகிறேன். பேனலைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்துக்கும் நேர்மின்சாரப் பக்கத்துக்கும் ஒன்று, மாறுமின்சாரப் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று எனக் குழி தனித்தனியாக வேண்டும். வீட்டின் பழைய எர்த்திலேயே எல்லாவற்றையும் முடிந்துவிட்டுப் போகிறவர்களை அனுமதிக்காதீர்கள். மண்ணோடு உள்ள மின்தடை 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். அதை மீட்டர் வைத்து உங்கள் கண்முன்னால் அளந்து, தாளில் எழுதித் தர வேண்டும். மேலூர்ப் பக்கம் நாலடி தோண்டினால் பாறை தட்டும் இடங்கள் உண்டு. அங்கே ஒரு கம்பியை அரைகுறையாக இறக்கிச் சிமென்ட் பூசி மூடினால் மேலே பார்க்க அழகாகத்தான் இருக்கும், கீழே எர்த் இருக்காது. அப்படிப்பட்ட மண்ணில் இரண்டு மூன்று குழிகளை இடைவெளி விட்டுத் தோண்டி ஒன்றோடொன்று இணைக்கலாம். இன்னொன்று, ஐப்பசி மழையில் அளந்தால் எந்த எர்த்தும் நன்றாகவே காட்டும். மண் காய்ந்து கிடக்கும் வைகாசியில் அளந்து பாருங்கள்.

"பவர்கட் ஆனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, இது என்ன சோலார்?" என்று பலர் கோபப்படுகிறார்கள். நின்றாக வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நடப்பது பகலில். உங்கள் பேனல் முழு மூச்சாக உற்பத்தி செய்வதும் பகலில். லைனை அணைத்துவிட்டோம் என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் ஐ.எஸ். 16169 என்ற தரம், லைன் செத்தால், பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கித் தரும் இன்வெர்ட்டர் 2 நொடிக்குள் விலகிவிட வேண்டும் என்கிறது. பவர்கட்டிலும் மின்சாரம் வேண்டுமானால் அதற்கென்று பேட்டரியோடு கூடிய அமைப்பு இருக்கிறது, அதை வாங்கலாம். முறையான மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை அதே லைனில் கோத்து இன்வெர்ட்டரை ஓட வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், வேண்டாம். கம்பத்தில் இருப்பவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள். மின் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே உரிம எண்ணைக் கேளுங்கள். மாடியில் நின்று வேலை செய்பவருக்குக் கம்பியாளர் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இது அவமரியாதை ஆகாது. நல்ல தொழிலாளி சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்.

வேலை முடிந்ததும் இணைப்பு வரைபடம், பேனல்களின் எண்கள், எர்த் அளவு ஆகியவற்றை வாங்கி மீட்டர் பெட்டி அருகே ஒரு நகலை ஒட்டி வையுங்கள். அணைக்கும் முறையையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: முதலில் மாறுமின்சாரச் சுவிட்ச், பிறகு நேர்மின்சார ஐசோலேட்டர். மின்சாரம் ஓடும்போது கனெக்டரைக் கையால் பிடுங்கக் கூடாது. ஒருவேளை தீ என்றால் தண்ணீர் வாளியோடு மாடிக்கு ஓடாதீர்கள். 101-ஐ அழைத்து, மாடியில் சோலார் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மானியத் திட்டத்தில் போட்டவர்களுக்கு 5 ஆண்டுப் பராமரிப்பு அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு. தூசி துடைப்பது மட்டும் பராமரிப்பு அல்ல. ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஆளை வரச்சொல்லி, சட்டத்தின் போல்ட்டுகளையும் கனெக்டர்களையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வர மறுத்தால் திட்டத்தின் இணையதளத்திலேயே புகார் பதியலாம்.

வாய்ப்பளித்த மதுரை வானொலிக்கு நன்றி. வணக்கம்.