கம்பிக்கட்டைக் கிரேனில் தூக்கும்போது விரல் நசுங்குவது எங்கே?

(திரையில்: கட்டடத் தளம். தரையில் 25 எம்எம் கம்பிக்கட்டு.)

இந்தக் கட்டில் 40 கம்பி. எடையைக் கண்ணால் அளக்காதீர்கள். விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 25 எம்எம்-க்கு 3.86. பன்னிரண்டு மீட்டர் கம்பி ஒன்று 46 கிலோ; கட்டு 1.85 டன்.

(திரையில்: கொக்கி, இரண்டு சிலிங் (கட்டைக் கொக்கியில் தொங்கவிடும் வடம்), கட்டு, முக்கோணமாக.)

இரு முனையிலிருந்தும் 3 மீட்டர் உள்ளே சிலிங் போடுகிறோம். நடுவில் 6 மீட்டர் இடைவெளி. சிலிங்கும் 6 மீட்டர் என்றால் கட்டுக்கும் சிலிங்குக்கும் இடையே கோணம் 60 டிகிரி, ஒவ்வொரு சிலிங்குக்கும் 1.07 டன் இழுவை. ஸ்டோரில் 3.5 மீட்டர்தான் இருக்கிறது என்று அதையே மாட்டினால் கோணம் 31 டிகிரிக்குப் படுத்துவிடும், இழுவை 1.8 டன். 'ரெண்டு டன் சிலிங்தானே, தாங்கும்' என்பார்கள். சுருக்குப் போட்டதுமே அதன் திறன் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். மிச்சம் 1.5 டன்தான்.

அறுவதற்கு முன்பே இன்னொன்று நடக்கும். படுத்த சிலிங் நடுப்பக்கம் வழுக்கும். கட்டு ஒரு முனையில் குத்திட்டு இறங்கும். அதனால்தான் இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சுருக்குப் போடுகிறோம். ஆலையில் கட்டி வந்த கட்டுக்கம்பியில் கொக்கி மாட்டவே கூடாது.

(திரையில்: சிலிங் இறுகும் இடம், அருகிலிருந்து.)

சிலிங் நகராமலிருக்கக் கையால் பிடித்துக்கொள்வது பழக்கம். விரல் மாட்டும் முதல் இடம் இதுதான். எல்லாக் கையும் வெளியே வந்தது தெரிந்த பிறகுதான் சிக்னல்மேன் 'தூக்கு' காட்ட வேண்டும். 30 செ.மீ. தூக்கி நிறுத்தி, கட்டு மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் இறக்கி மறுபடி மாட்டுங்கள். கையால் தள்ளிச் சரிசெய்ய வேண்டாம். திருப்ப முனையில் கயிறு கட்டுங்கள், அதை மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.

இரண்டாவது இடம் இறக்கும்போது. கட்டு தலைக்கு மேல் வந்த பிறகு அடியில் மரக்கட்டை செருக ஒருவர் குனிவார். கட்டையைக் கிரேன் திரும்புவதற்கு முன்பே போட்டுவையுங்கள். சிலிங்கை உருவ இடம் கிடைக்கும் அளவுக்குத் தடிமன் இருக்கட்டும்.

பிரித்த கம்பியைத் தோளில் சுமக்கும் இருவரும் ஒரே பக்கத் தோளில் வைக்க வேண்டும். ஒருவர் முந்திப் போட்டால், துள்ளும் கம்பி மற்றவரின் தோள்பட்டையில் இறங்கும். பின்னால் நிற்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும். மூன்று என்றதும் இருவரும் சேர்ந்து வெளிப்பக்கம் போடுங்கள்.