பெட் ஷாப் பாய்ஸ் 'ப்ளீஸ்' எல்பி: கடைசிப் பாட்டுல 'ஸ' கரகரங்குதா?

வணக்கம் மக்களே. மதுரையில இருந்து இன்னைக்கு நாம சுத்தவிடப் போறது பிரிட்டன் எலக்ட்ரானிக் பாப் ஜோடி பெட் ஷாப் பாய்ஸோட முதல் ஆல்பம் 'ப்ளீஸ்', எல்பி தட்டுல. பார்லஃபோன் கம்பெனி 1986 மார்ச்ல வெளியிட்டது. பாட்டு நீல் டென்னன்ட், கீபோர்டு கிறிஸ் லோ. 1981ல லண்டன் கிங்ஸ் ரோட்டுல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலதான் ரெண்டு பேரும் முதல்ல பேசிக்கிட்டாங்க. கடைக்குப் போறவங்க "பெட் ஷாப் பாய்ஸ் ஆல்பம், ப்ளீஸ்"னு கேக்கணும்னு அந்தப் பேர வச்சாங்க.

அட்டையக் கிட்ட காட்டுறேன், பாருங்க. முழுக்க வெள்ளை. நடுவுல தபால்தலை மாதிரி ஒரு சின்னப் படம், கழுத்துல வெள்ளைத் துண்டோட ரெண்டு பேரும். மார்க் ஃபாரோ டிசைன் பண்ணது. அழகான அட்டை, ஆனா பழசா வாங்கும்போது இந்த வெள்ளை எதையும் மறைக்காது. உள்ள இருக்கிற தட்டோட விளிம்பு வட்டமா பதிஞ்சிருக்கும், ஓரத்துல பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி வெயில் வெளிச்சத்துல எடுத்த போட்டோ கேளுங்க. பழைய பிரிட்டிஷ் பதிப்போட நம்பர் பிஎஸ்பி 1. ரீமாஸ்டர் பண்ணி 2018ல மறுபடி எல்பியா வந்துச்சு, புதுசு வேணும்னா அதப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்த ஆல்பத்தப் பழைய எல்பியில கேக்குற பலபேர் சொல்றது ஒண்ணுதான்: "முதல் பாட்டு நல்லா இருக்கு, கடைசிப் பாட்டு கரகரங்குது, தட்டு போச்சு." அவசரப்பட்டுத் தட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க. பாதி நேரம் கோளாறு தட்டுல இருக்காது, ஊசி உக்காந்திருக்கிற கோணத்துல இருக்கும்.

காரணம் கேளுங்க. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. அது மாறாது. ஆனா வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில செகண்டுக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாட்டு பதிஞ்ச பள்ளம் ஓடுது. லேபிள் பக்கம் வர்றப்ப அது 22, 23தான். அதே பாட்டு, பாதிக்கும் குறைஞ்ச இடத்துல அடைபட்டுக் கிடக்கு. அங்க ஊசிக் கோணம் கொஞ்சம் பிசகினாலும் முதல்ல அடிவாங்குறது கீச்சுச் சத்தம்: சிம்பல், அப்புறம் 'ஸ'. இந்த ஆல்பத்துல ஒரு சைடு சுமார் 21 நிமிஷம். ஏ சைடுல கடைசியா, லேபிள ஒட்டி வர்ற பாட்டு 'சபர்பியா'. அந்தப் பேரே 'ஸ'வுலதான் ஆரம்பிக்குது, கோரஸ்ல திரும்பத் திரும்ப வருது. டென்னன்ட் குரலோ மெலிசு, மைக்குக்குப் பக்கத்துல நின்னு பேசுற மாதிரிப் பாடுவாரு, அதனால 'ஸ' தூக்கலாவே விழும். உங்க செட்டப்பச் சோதிக்க இதவிட நல்ல பாட்டு கிடையாது.

சோதிக்கிறதுக்கு முன்னாடி தட்டக் கழுவணும். நம்ம ஊரு போர் தண்ணி வேண்டவே வேண்டாம். பைப்புல வெள்ளையா உப்பு பூத்திருக்குல்ல, அதே உப்பு பள்ளத்துக்குள்ள படியும். ஆர்ஓ தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. பேட்டரிக்குன்னு கேட்டீங்கன்னா ஆசிட் கலந்தத எடுத்துக் குடுத்துரப் போறாங்க, லேபிளப் படிச்சுப் பாத்து வாங்குங்க. 400 மில்லி தண்ணிக்கு 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டே சொட்டு. ஆல்கஹால் டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள்ல கேட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. வீட்டுல தாத்தா காலத்து 78 சுத்து அரக்குத் தட்டு இருந்தா அதுக்கு இந்தக் கலவையக் காட்டாதீங்க. ஆல்கஹால் அரக்கக் கரைச்சிரும்.

லேபிள் நனையாம, மைக்ரோஃபைபர் துணியில பள்ளம் போற போக்குலயே மூணு சுத்து இங்கிட்டு, மூணு சுத்து அங்கிட்டு. குறுக்க தேய்க்கக் கூடாது. பழைய வேட்டித் துணி மெதுவாத்தான் இருக்கும், ஆனா நூல் விடும். ஒரு நிமிஷம் ஊறினதும் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல இன்னொரு தடவை அலசுங்க. அலசலன்னா சோப்பு காஞ்சு ஊசியில பசையா ஒட்டும். நிக்க வச்சு அரைமணி நேரம் காயட்டும், ஃபேனுக்கு அடியில வேண்டாம். ஈரத்துல தூசி வந்து உக்காந்துக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீடுன்னா தட்ட வெளிய எடுத்து வைக்காதீங்க, அந்தப் புகைப் பசை ஊசியில ஏறினா லேசுல போகாது.

அடுத்தது ஊசி. இங்க மாட்டியிருக்கிறது ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியத் தாங்குற சின்னப் பெட்டி. ஊசி தட்டுமேல அழுத்துற எடை 1.8ல இருந்து 2.2 கிராம் வரை வைக்கலாம், 2.0 வைங்க. குறைவா வச்சா தட்டுக்கு நல்லதுன்னு நினைக்காதீங்க. எடை பத்தலன்னா ஊசி பள்ளத்துக்குள்ள குதிச்சுச் சுவர வெட்டும். இந்த ஊசிக்கு ஆயுசு சுமார் 300 மணி நேரம். அப்புறம் கோணம் பாக்குற ப்ரொட்ராக்டர் அட்டைய வச்சு, தட்டு மையத்துல இருந்து 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர் ரெண்டு புள்ளியிலயும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேரா நிக்குதான்னு பாருங்க. கேமராவக் கிட்ட கொண்டு போறேன்... இங்க, 66ல கார்ட்ரிட்ஜ் மூக்கு ஒரு நூல் அளவு உள்பக்கம் திரும்பியிருக்கு. இவ்வளவுதான் கோளாறு. ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணித் திருப்பி, ரெண்டு புள்ளியும் ஒத்துவந்ததும் இறுக்குங்க.

இப்ப 'சபர்பியா' போடுங்க. கரகரப்பு வலது ஸ்பீக்கர்ல மட்டும் வந்தா ஆண்டி ஸ்கேட், அதாவது கை உள்ளுக்கு இழுபடாமத் தடுக்குற அமைப்பு, பத்தல. ஊசி மாட்டியிருக்கிற கை உள்ளுக்கு இழுபட்டு ஊசி இடது சேனல் சுவர்மேல சாயுது, வலது சுவர் விட்டுப்போகுது. கொஞ்சம் கூட்டுங்க. ரெண்டு பக்கமும் வந்து, ஏ சைடு முதல் பாட்டுலயும் வந்தா ஊசி அழுக்கு, இல்லன்னா தேய்ஞ்சிருச்சு. எல்லாம் சரிபண்ணியும் கடைசியில மட்டும் நின்னுக்கிச்சுன்னா, முன்னாடி யாரோ கனமான ஊசியில ஓட்டியிருக்காங்க. அது திரும்பாது.

'டக் டக்'னு வேற சத்தம் கேட்டா எண்ணிப் பாருங்க. சரியா 1.8 செகண்டுக்கு ஒரு தடவை வந்தா கீறல், அதுதான் ஒரு சுத்துக்கு ஆகுற நேரம். கண்டபடி வந்தா தூசி, மறுபடி கழுவலாம். 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' ஆரம்பத்துல காலடிச் சத்தமும் தெருச் சத்தமும் வரும், அதக் கீறல்னு நினைச்சுறாதீங்க. தயாரிப்பாளர் ஸ்டீஃபன் ஹேக் தெருவுல பதிவு பண்ணிச் சேர்த்தது. பாபி ஆர்லாண்டோ தயாரிச்சு 1984ல வந்த இதே பாட்ட ஹேக்கோட புதுசாப் பதிவு பண்ணி, 1986 ஜனவரியில பிரிட்டன்ல முதலிடம் புடிச்சாங்க. அந்தத் தெருச் சத்தத்துக்கு அடியில இருந்து பேஸ் எழும்பி வர்றத, சுத்தமான தட்டுல, ராத்திரி ஃபேன அமத்திட்டுக் கேளுங்க. உடம்பு சிலிர்க்கும்.

பி சைடுல 'லேட்டர் டுநைட்' வர்றப்ப வால்யூமக் கூட்டுங்க. ரெண்டே முக்கால் நிமிஷம், டிரம்ஸ் இல்ல, பியானோவும் குரலும்தான். நீங்க கழுவுன லட்சணம் இங்க தெரிஞ்சிரும்.

கேட்டு முடிச்சதும் தட்ட நிக்க வச்சே அடுக்குங்க. பரண் வேண்டாம், மொட்டை மாடி ரூம் வேண்டாம், சித்திரை வெயில்ல நிக்கிற காருக்குள்ள வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்டுல அப்பளமா வளைஞ்சிரும். வெள்ளை அட்டைக்கு மேல பாலிபுரொப்பிலீன் உறை போடுங்க. பிவிசி உறை நாள்பட்டா ஒட்டிக்கும்.

இந்தா, பி சைடும் முடிஞ்சிருச்சு. இந்த ப்ளேயர்ல கை தானாத் தூக்காது, ஊசி லேபிள் பக்கம் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். அதுவும் அந்த 300 மணி நேரத்துலதான் சேரும், நான் போய் எடுத்துடுறேன்.