இரண்டு மாடிகளுக்கு நடுவே நழுவும் பணம்
(கும்பகோணத்தில் வங்கி அலுவலர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வங்கித் துறை நண்பர்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பயிற்சி அலுவலர்களே, வணக்கம்.

பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தையும் வங்கிகள் மீதான சைபர் தாக்குதலையும் முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். டெல்லியில் பேச வேண்டிய தலைப்பாயிற்றே, இங்கே எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

2018 பிப்ரவரி 7. இங்கே 1904இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியில் வழக்கமான கணக்கு ஒப்பீடு நடக்கிறது. வங்கியில் யாருமே அனுப்பாத மூன்று தொகைகள், வங்கிகள் பணம் அனுப்பும் உத்தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக வெளிநாட்டுக்குப் போயிருப்பது தெரிகிறது. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர். பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. மறுபடி நியூயார்க் வழியாகச் சீனாவுக்கு 10 லட்சம் டாலர். முதல் தொகை வழியிலேயே மறிக்கப்பட்டது. ஸ்விஃப்ட் செய்திகளுக்கான ஒப்புகை அச்சாகும் பிரிண்டர் அதற்கு முந்தைய நாளே முடக்கப்பட்டிருந்தது. வங்கி இதை மூடி மறைக்காமல் வெளியே சொன்னது. அது எனக்குப் பெரிய விஷயம். அடிபட்டவர் வாய் திறந்தால்தான் அடுத்தவருக்கு அது தகவல். இல்லாவிட்டால் அதே திருடன் அடுத்த ஊரில் முதல்முறை போலவே நுழைவான்.

பிரிண்டரை முடக்கும் இந்த வித்தை புதிதல்ல. இரண்டு வருடம் முன்னால் டாக்காவில் அரங்கேறியதுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு கதையில் இருக்கிறது.

2015 ஜனவரியில் வங்கதேச மத்திய வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்டு ஒரு மின்னஞ்சல் வருகிறது. பயோடேட்டாவைப் பார்க்க இந்த இணைப்பைச் சொடுக்கவும் என்று பணிவான கடிதம். யாரோ சொடுக்குகிறார்கள். அதே வருடம் மே மாதம் மணிலாவில் ஆர்.சி.பி.சி. வங்கியின் ஒரு கிளையில் போலிப் பெயர்களில் நான்கு கணக்குகள் தொடங்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 500 டாலர். அதோடு சரி, ஒன்பது மாதம் அந்தக் கணக்குகளில் ஒரு அசைவும் இல்லை. டாக்காவில் கணினிக்குள் உட்கார்ந்திருப்பதும் மணிலாவில் தூங்கும் கணக்கும் ஒரே கும்பலின் இரண்டு கைகள். சைபர் பிரிவுக்காரர் முதல் கையை மட்டும் பார்க்க முடியும், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கே.ஒய்.சி. வேலை பார்ப்பவர் இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வங்கதேசம் வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகள் கிளம்புகின்றன. மொத்தம் 95 கோடி டாலருக்கு மேல். நாளைத் தேர்ந்தெடுத்ததைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வங்கதேசத்துக்கு விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்குக்கு விடுமுறை. திங்கள் சீனப் புத்தாண்டு, மணிலாவுக்கு விடுமுறை. பஞ்சாங்கம் பார்த்துத் திருடியிருக்கிறார்கள்! வேலை செய்யாத பிரிண்டரை வங்கி ஊழியர்கள் சாதாரணக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். நம் கிளைகளிலும் பிரிண்டர் நின்றால் யார் போலீசைக் கூப்பிடுவார்கள்?

முப்பது உத்தரவுகள் நின்றன. எப்படி நின்றன என்பதுதான் வேடிக்கை. மணிலா கிளையின் முகவரியில் ‘ஜூபிடர்’ என்ற தெருப்பெயர் இருந்தது. ஈரான் மீதான தடைகளின் கீழ் அமெரிக்கா பட்டியலில் வைத்திருந்த ஒரு எண்ணெய்க் கப்பலின் பெயரும் ஜூபிடர். தடைப்பட்டியல் வடிகட்டி அந்தச் சொல்லைப் பார்த்து மணி அடித்தது, மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தடையை மீறும் பணத்தைப் பிடிக்க வைத்த வலையில், முற்றிலும் தற்செயலாக, சைபர் திருடன் மாட்டினான். இலங்கைக்குப் போன 2 கோடி டாலரும் தப்பியது. பெறுநரான அறக்கட்டளையின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்பது ‘ஃபேண்டேஷன்’ என்று தப்பாக இருந்ததை வழியில் இருந்த டாய்ச்ச வங்கி கேள்வி கேட்டது. கொழும்பில் பான் ஏசியா வங்கியிலும் இவ்வளவு பெரிய தொகை இந்தக் கணக்குக்கு எதற்கு என்று சந்தேகப்பட்டார்கள். எழுத்துப் பிழையைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு ஆள் இருந்தால் அது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர் தப்பவில்லை. பணத்தை நிறுத்தச் சொன்ன செய்தி 9ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அங்கே வந்திருந்தும், அன்றைக்கே பெரும்பகுதி வெளியேறியது. வெளியேறிய பணம் சூதாட்ட விடுதிகளுக்குள் போனது. பிலிப்பைன்ஸ் பண மோசடித் தடுப்புச் சட்டத்தில் அப்போது சூதாட்ட விடுதிகள் சேர்க்கப்படவில்லை, 2017இல்தான் சேர்த்தார்கள். அமெரிக்க நீதித்துறை 2018இல் வட கொரிய நிரலாளர் ஒருவர் மீது இந்தத் திருட்டுக்காகக் குற்றம் சாட்டியது. வட கொரியா சைபர் திருட்டுப் பணத்தை ஆயுதத் திட்டங்களுக்குச் செலவிடுகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. ஆக, வங்கியில் நடக்கும் சைபர் திருட்டை வெறும் பண நஷ்டம் என்று எழுதி ஃபைலை மூட முடியாது.

இப்போது பயங்கரவாத நிதிக்கு வருவோம். அது இதற்கு நேர் எதிர். சைபர் திருட்டில் தொகை கோடிகளில், பணம் கறை படிந்தது. பயங்கரவாத நிதியில் தொகை சின்னது, பணம் பல நேரம் சுத்தமானது. சம்பளப் பணமாக இருக்கும், நன்கொடையாக இருக்கும். கெட்ட காரியம் இனிமேல்தான் நடக்கப் போகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மொத்தம் 4 முதல் 5 லட்சம் டாலர்தான் செலவானது என்று அமெரிக்க விசாரணை ஆணையம் கணக்கிட்டது. அதில் துபாய் பக்கமிருந்து அமெரிக்காவில் இருந்த தாக்குதல்காரர்களுக்கு ஐந்து தவணைகளில் 1,14,500 டாலர் வந்தது. சிறியது 5,000, பெரியது 70,000. பைலட் பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவருக்கு வீட்டிலிருந்து வரும் பணம் மாதிரிதான் அது தெரிந்தது. வங்கியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த ஊழியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொகையை மட்டும் பார்த்தால் எனக்கும் வந்திருக்காது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2022இல் கோரக்பூர் கோயில் வாசலில் காவலர்களைத் தாக்கிய ஆள், ஐ.எஸ். அமைப்புக்கு ஆதரவாகப் பேபால் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்பிய தொகை 6,69,841 ரூபாய் என்று, பண மோசடியையும் பயங்கரவாத நிதியையும் தடுக்க விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். 2025 அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஒரு கார் விலை. இருக்கும் இடத்தை மறைக்க வி.பி.என். வேறு. தொகைக்கு வரம்பு வைத்துத் தேடும் எந்த மென்பொருளும் இதைப் பிடிக்காது. யாரிடமிருந்து யாருக்கு, அந்த யார் வேறு யாரோடு தொடர்பில் இருக்கிறார் என்று இழை பிடித்துப் போனால்தான் பிடிபடும்.

அப்படி இழை பிடிக்க அமெரிக்க நிதித்துறை 2001க்குப் பின் ஸ்விஃப்ட் நிறுவனத்தின் தரவுகளை ரகசியமாக வாங்கத் தொடங்கியது. பாலி குண்டுவெடிப்போடு தொடர்புடைய ஹம்பாலி 2003இல் தாய்லாந்தில் பிடிபட்டதற்கு அது உதவியது என்று சொன்னார்கள். 2006இல் அமெரிக்கப் பத்திரிகைகள் இதை வெளியிட்டதும் ஐரோப்பா கொதித்தது, எங்கள் மக்களின் கணக்கை நீங்கள் எப்படிப் பார்க்கலாம் என்று. 2010இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு ஒப்பந்தத்தை நிராகரித்து, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மறு ஒப்பந்தம் போட வைத்தது. அந்தக் கொதிப்பு நியாயம் என்பது என் கட்சி. கண்காணிப்பவரைக் கண்காணிக்க ஒருவர் இருப்பதால் வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, திட்டம் தொடர்ந்து நடந்தது.

சரி, நம் மேசைக்கு வருவோம். 2004இல் அமைக்கப்பட்ட நிதி உளவுப் பிரிவு, எஃப்.ஐ.யு., டெல்லியில் இருக்கிறது. பெயர்தான் உளவு. அதற்குக் கண்ணும் காதும் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரொக்கம் தானாக அறிக்கையாகிவிடும். சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை, அந்த எஸ்.டி.ஆர்., மனிதர் எழுத வேண்டியது. சந்தேகம் உறுதியானதும் தாமதிக்காமல் போக வேண்டும். வாடிக்கையாளருக்கு ஜாடைமாடையாகக்கூடத் தெரியக் கூடாது. காபி சாப்பிடும்போது, “சார், உங்க கணக்கைப் பத்தி மேலிடத்துல கேட்டாங்க” என்று நட்புக்குச் சொன்னால் அது சட்டமீறல்.

விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருந்தபோது நான் நிறைய எஸ்.டி.ஆர். படித்தவன். சந்தேகத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “பரிவர்த்தனை வாடிக்கையாளரின் வருமானத்துக்குப் பொருந்தவில்லை.” முந்தைய அறிக்கையிலிருந்து நகலெடுத்து ஒட்டியது. ஆடிட்டில் மாட்டக் கூடாதே என்று அனுப்புவது. இதனால் டெல்லியில் குப்பை சேருமே தவிர உளவு சேராது. நல்ல அறிக்கை எப்படி இருக்கும்? வெவ்வேறு ஊர்க்காரர்கள் மூன்று பேர் ஒரே வாரத்தில் கணக்கு தொடங்கினார்கள். படிவத்தில் மூவரும் கொடுத்த மாற்றுக் கைப்பேசி எண் ஒன்றே. கணக்கு தொடங்க மூவரையும் அழைத்து வந்தவர் ஒரே நபர், அவரே படிவம் நிரப்பினார், கையெழுத்துக் கேட்டபோது மட்டும் அவர்களைப் பார்த்தார். நெட் பேங்கிங்கில் மூன்று கணக்கும் திறக்கப்படுவது ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து. பணம் வந்த பத்து நிமிடத்தில் வெளியே போகிறது. இவ்வளவும் எழுதினால் அது தங்கம்.

இதில் எல்லாமே கிளையில் கிடைத்துவிடாது. ஐ.பி. முகவரி ஐ.டி. பிரிவின் சர்வரில் இருக்கிறது. அழைத்து வந்தவரைப் பற்றி ஐ.டி. பிரிவுக்கு ஒன்றும் தெரியாது. பல வங்கிகளில் கம்ப்ளையன்ஸ் மூன்றாம் மாடி, ஐ.டி. ஐந்தாம் மாடி, லிஃப்டில் சந்தித்தால் வணக்கம். வாடகைக் கணக்கு பெருகுவது இந்த இடைவெளியில்தான். கல்லூரிப் பையன்களும் கூலித் தொழிலாளர்களும் கமிஷனுக்காக ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இணைய மோசடிப் பணமும் அதன் வழியே போகும், ஹவாலா எனும் உண்டியல் பணமும் போகும், அதைவிட மோசமானதும் போகும்.

தகவல் கிடைப்பது வேறு, போய்ச் சேருவது வேறு. 2018 ஆகஸ்ட் 10 அன்று, ஏ.டி.எம்.களைக் காலி செய்யும் உலகளாவிய கொள்ளை ஒன்று நடக்கப் போகிறது என்று எஃப்.பி.ஐ. வங்கிகளுக்கு ரகசிய எச்சரிக்கை அனுப்பியது. மறுநாள் ஆகஸ்ட் 11, நமக்கு இரண்டாம் சனிக்கிழமை. புணேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் பெயரில் 28 நாடுகளில் ஏ.டி.எம்.கள் பணத்தைக் கொட்டின. திங்களன்று ஸ்விஃப்ட் வழியாக ஹாங்காங்குக்கு மேலும் 13.92 கோடி. மொத்த நஷ்டம் சுமார் 94 கோடி ரூபாய்.

இன்னொரு பக்கமும் உண்டு. சந்தேகம் என்ற பெயரில் கண்ணை மூடிக்கொண்டு கணக்கை முடக்காதீர்கள். எங்கோ நடந்த மோசடியில் நாலு கை மாறிய 300 ரூபாய் க்யூ.ஆர். வழியாக வந்து விழுந்ததற்காக, ஒரு டீக்கடைக்காரரின் முழுக் கணக்கும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பது நியாயமில்லை. தொண்டு நிறுவனங்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கட்டுப்பாடு வையுங்கள் என்று எஃப்.ஏ.டி.எஃப். 2023இல் தன் விதியையே திருத்தியது. பயந்துபோன ஆள் வங்கியை விட்டு உண்டியல்காரரிடம் போவார். அங்கே போன பணத்தை எந்த உளவுப் பிரிவும் பார்க்க முடியாது.

பயிற்சி அலுவலர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்து தொடர் விடுமுறை எப்போது வருகிறது என்று காலண்டரைப் பாருங்கள். அந்த மூன்று நான்கு நாளில் பணத்தை நிறுத்தச் சொல்லி இரவு இரண்டு மணிக்கு நியூயார்க்கிலிருந்தோ டெல்லியிலிருந்தோ செய்தி வந்தால் உங்கள் வங்கியில் அதை யார் பார்ப்பார், அவர் யாரை எழுப்புவார், எழுப்பப்பட்டவருக்குக் கணக்கை நிறுத்த அதிகாரம் உண்டா என்று கேட்டு வாருங்கள். ஐ.டி. பிரிவிலும் கம்ப்ளையன்ஸ் பிரிவிலும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

நேரம் ஆகிவிட்டது, கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.